பூமணி பிரவுனின் சொந்தப் பெயர்

"இன்னொருக்கால் சொல்லு" என்று லிங்கம் மாமா கேட்டபோது, அப்பா சொல்லாமல் விட்டுவிடுவார் என்றுதான் றொஷானி கடைசி நொடிவரை நம்பிக்கொண்டிருந்தாள். அவள் கையில் வாஃபல் தட்டு சரிந்து, ஜாம் பெருவிரலில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

அப்பா சொன்னார். முதல் தரத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு எழுத்தும் விளங்கும்படியாக.

"காட்டிக் குடுத்தவன். நீ காட்டிக் குடுத்தவன், லிங்கம்."

ஒஸ்லோ நகரின் தொய்யனில் இருந்த அந்தப் பழைய மண்டபத்தில் எழுபது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவருக்கும் தமிழ் விளங்காது. பாட்டைக் கேட்ட சந்தோசத்தில் இரண்டு பேரும் சத்தம் போடுகிறார்கள் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற தாடிக்கார நோர்வேஜியர் ஒருவர் பெருவிரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தார்.

"என்னிலை நம்பிக்கை இல்லையோ, பிரகாசம்?"

"நம்பிக்கைக்கு என்ன, விசயத்தைப் பார். அந்தப் பேர் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்டு நான், மற்றது நீ. இண்டைக்கு அந்தத் தட்டைப் போட்டவன் ஸ்தவாங்கர்க்காரன். போன மாசம் நீ ஸ்தவாங்கருக்குப் போனனீ தானே?"

"துஷ்யாவைப் பாக்கப் போனனான். என்ரை பிள்ளையைப் பாக்கிறதுக்கு உன்னட்டை விசா எடுக்கவேணுமோ?"

"பிள்ளையை மட்டுந்தான் பாத்தனியோ?"

லிங்கம் மாமாவின் கையில் கோப்பிக் கோப்பை இருந்தது. அந்த நேரத்திலும் அதை இசைத்தட்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. மூன்று அடி நடந்து யன்னல் கட்டில் வைத்தார். கொக்கியில் தொங்கிய ஜக்கெட்டை எடுத்தார். கையை உள்ளே விடும்போது ஒரு தரம் தவறியது. பிறகு போட்டுக்கொண்டு, மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

றொஷானி தட்டை எங்கோ வைத்துவிட்டு ஓடினாள். கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டாள். நான், நான், நான் என்று நெஞ்சு அடித்தது. வெளியே அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

அவளுடைய அப்பா அருட்பிரகாசத்துக்கு ஊர்காவற்றுறை. சண்முகலிங்கத்துக்குக் கோண்டாவில். ஒருவர் மாதா கோயில் மணிக்கு எழும்புகிறவர், மற்றவர் வெள்ளிக்கிழமை மரக்கறி. ஊரிலே இருந்திருந்தால் சந்தித்திருக்கவே மாட்டார்கள். ஒஸ்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்புறம் இரண்டு பேரும் கோப்பை கழுவிய நாட்களில், அந்தக் கடை முதலாளி கறுப்பு அமெரிக்கர்களின் பழைய சோல் பாட்டுகளை விடாமல் போடுவாராம். பாஷை தெரியாது. ஆனால் நெஞ்சைப் பிடித்து இழுக்கும் அந்தக் குரல் என்ன சொல்கிறது என்பதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை என்று அப்பா சொல்வார். கழுவித் துடைத்த காசில் முதல் இசைத்தட்டு வாங்கினார்கள். பிறகு நிற்கவேயில்லை.

அறுபதுகளில் ஒரே ஒரு பாட்டைப் பாடி, ஒரு சின்னக் கம்பனியில் சில நூறு பிரதிகள் அடித்து, விற்காமல் போய், பிறகு தொழிற்சாலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ வேலைக்குப் போய்விட்ட பாடகர்கள் எத்தனையோ பேர். அப்படி ஒருவரின் தட்டு கிடைத்தால் சேகரிக்கிறவர்கள் ஒன்று செய்வார்கள். நடுவில் பெயர் அச்சடித்த வட்டத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, ஒரு பொய்ப் பெயரை எழுதிவிடுவார்கள். மற்றவர்கள் தேடி வாங்கிவிடக் கூடாதே! அந்தப் பாட்டைக் கேட்கவேண்டுமென்றால் அந்த ஆளிடம்தான் வரவேண்டும்.

பதின்மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்குக் காசு சேர்க்க நடந்த பழைய சாமான் சந்தையில், கிறிஸ்மஸ் பாட்டுகளுக்கும் அக்கோர்டியன் தட்டுகளுக்கும் நடுவில் லிங்கம் மாமாவின் கைக்கு அது வந்தது. அப்பாதான் இருபது குரோனரை எடுத்துக் கொடுத்தார். அன்றிரவே வெள்ளைத் தாள் ஒட்டினார்கள். பெயர் வேண்டுமே! முன்பு அறையில் இருந்த நாட்களில் இவர்களுக்கு மாதக் காசுக்குச் சமைத்துக் கொடுத்த பூமணி அக்காவை நினைத்து, "பூமணி பிரவுன்" என்று எழுதினார்கள்.

அன்றிலிருந்து, மாதத்தின் கடைசி ஞாயிறு பின்னேரம் சோல் ரசிகர்கள் கூடும் அந்த மண்டபத்தில், பாட்டுப் போட அப்பாவின் முறை வந்தால் போதும். வழுக்கைத் தலைகளும் அகலக் காற்சட்டைகளும் கையைத் தட்டும். "பூ-மா-னி! பூ-மா-னி!" பூமணி அக்கா குளிர்பெட்டியில் மீன் அடுக்கிக்கொண்டிருந்தவர் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? அப்பா மற்ற நாட்களில் பஸ் ஓட்டுகிறவர். ஏறுகிறவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்த மூன்று நிமிடங்களுக்கு மட்டும் முழு மண்டபமும் அவரைப் பார்க்கும்.

அதனால்தான் இந்த வருடம் சண்டை வந்தது. போன மாதம் றொஷானியின் எல்லிங்ஸ்ருட் வீட்டில், சாப்பாட்டு மேசையில், லிங்கம் மாமா சொன்னார்:

"காணும், மச்சான். பேரைச் சொல்லுவம். அந்த மனுசி உயிரோடை இருந்தா எண்பது வயசு வரும். பேரப்பிள்ளையள் இருப்பினம். தங்கடை கிழவி பாடினதை ஒஸ்லோவிலை கேக்கினம் எண்டு அதுகளுக்குத் தெரிய வேண்டாமோ?"

"பேர் தெரிஞ்சா எல்லாரும் வாங்குவினம். பிறகு எங்களட்டை ஆர் வரப்போயினம்?"

"அப்ப நாங்கள் பாட்டுக்காகச் சேக்கேல்லை. கைதட்டுக்காகச் சேக்கிறம்."

"நீ பெரிய சாமியார். சோத்தைச் சாப்பிடு."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு றொஷானியும் அதே மேசையில் இருந்தாள். அப்பா சந்தேகப்பட்டதில் பிழை சொல்ல முடியாது. பெயரை வெளியிட வேண்டும் என்று வாதாடியவர் லிங்கம் மாமா. ஸ்தவாங்கருக்குப் போனவரும் அவரே. இன்று ஒரு ஸ்தவாங்கர்க்காரன் வந்து, அப்பாவின் முறைக்குச் சரியாக முன்னால், தன்னுடைய சொந்தப் பிரதியைத் தூக்கிக் காட்டி, "இதுவரை நீங்கள் பூமணி பிரவுன் என்று கேட்டது இவரைத்தான்" என்று ஒலிவாங்கியில் சொல்லி, அந்த நிஜப் பெயரை உரக்கப் படித்தான். வில்மெட்டா கிரேன். மண்டபம் ஆர்ப்பரித்தது. தன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்ற அப்பாவின் முகத்தை றொஷானி பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல்.

வேறு என்ன சொல்லித் திட்டியிருந்தாலும் பரவாயில்லை. நாயே, பேயே, என்னவும் சொல்லியிருக்கலாம். லிங்கம் மாமாவின் அண்ணனை ஊரில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பின்போது பிடித்துக்கொண்டு போனார்கள். ஊர் முழுவதையும் வரிசையில் நிற்க வைத்து, தலையில் சாக்குப் போட்ட ஒருவன் வாகனத்துக்குள் இருந்து தலையை ஆட்டினான். ஆட்டியவன் யார் என்று இன்றுவரை தெரியாது. அண்ணன் திரும்பி வரவுமில்லை. இது றொஷானிக்கு எப்படித் தெரியுமென்றால், ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் பெரியவர்கள் கடதாசிச் சீட்டு விளையாடும்போது, துரும்பைத் தெரியாமல் காட்டிவிட்ட ஒருவரைப் பார்த்து யாரோ பகிடியாக, "பாத்தியே, காட்டிக் குடுத்திட்டான்" என்றார்கள். அப்பா அப்படியே கடதாசியை மேசையில் போட்டுவிட்டு எழும்பி விளையாட்டை நிறுத்தினார். அவள் ஏன் என்று கேட்டாள். அம்மா குசினியில் வைத்துச் சொன்னாள். "அந்தச் சொல் மட்டும் லிங்கண்ணைக்கு முன்னாலை வரக்கூடாது. பகிடிக்கும் வரக்கூடாது."

அந்த அப்பாதான் இன்று சொன்னார். ஒரு தரமல்ல, இரண்டு தரம். காட்டிக் கொடுத்தவள் பக்கத்தில் வாஃபல் தின்றுகொண்டு நின்றாள்.

அவள் செய்தது இதுதான். பள்ளியில் இசைப் பாடத்துக்கு ஆளுக்கொரு கட்டுரை. அவள் சோல் இசையை எடுத்தாள். வீட்டில் சுவர் முழுக்க இருக்கும்போது வேறு எதை எடுப்பது? இசை ஆசிரியர் எஸ்பெனும் தட்டுச் சேர்ப்பவர் என்பது பிறகுதான் தெரிந்தது. தாள் ஒட்டிய ஒரு தட்டைப் பற்றி அவள் சொன்னதும் அவருடைய கண் விரிந்தது. அறுபது வருடமாக ஒருவரும் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை, அதையும் மூடி வைப்பது அநியாயம் இல்லையா என்று கேட்டார். லிங்கம் மாமா சொன்ன அதே நியாயம். அவளுக்கும் சரியென்றே பட்டது. சரியென்று பட்டதற்காகத்தான் செய்தாள் என்று இந்தக் கழிவறைக்குள் நின்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் எஸ்பென் அவளை ஒரு பெரிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாரே, அதற்காகத்தான் செய்தாள். அப்பா வேலைக்குப் போன ஒரு மத்தியானம், தலைமயிர் உலர்த்தியால் சூடு காட்டி, நகத்தால் மெல்ல மெல்ல அந்தத் தாளை உரித்தாள். படம் எடுத்தாள். திரும்ப ஒட்டினாள். ஆசிரியர் படத்தை இணையத்தில் போடலாமா என்று கேட்டார். தலையை ஆட்டினாள்.

தலையை ஆட்டினாள் என்று நினைத்த மாத்திரத்தில், ஜாம் காய்ந்திருந்த பெருவிரலைக் குழாயின் கீழ் பிடித்துத் தேய்த்தாள்.

கதவு தட்டப்பட்டது. "றொஷானி, வா. போவம்."

அப்பா தன் முறைக்குப் பாட்டுப் போடவில்லை. பெட்டியைக் காரின் பின்னிருக்கையில் வைத்து, வழக்கம்போல் அதற்கும் பெல்ட் போட்டுவிட்டார். எல்லிங்ஸ்ருட் வரும்வரை வைப்பரின் சத்தம் மட்டும்தான். புளொக்கின் முன்னால் காரை நிறுத்தியும் அவர் இறங்கவில்லை. அம்மா முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. வீட்டு யன்னல் இருட்டாக இருந்தது.

"முப்பது வருசம்" என்றார் அப்பா, ஸ்டியரிங்கைப் பார்த்து. "நீ பிறக்கேக்கை ஆஸ்பத்திரிக்கு முதல் வந்தவன் அவன். நானே பிறகுதான் வந்தனான், பஸ்ஸை விட்டிட்டு வரேலாமல். அவன் எனக்கு இப்பிடிச் செய்வானோ?"

"அப்பா..."

"செய்யமாட்டான் எண்டு மனம் சொல்லுது. ஆனா வேறை ஆர்? நீயே சொல்லு. வேறை ஆர்?"

அவர் கேட்டது அவளையல்ல, தன்னைத்தான். பேசாமல் இருந்திருக்கலாம். இறங்கி, லிஃப்டில் ஏறி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். இரண்டு பெரியவர்கள் சண்டை பிடித்தார்கள், பிரிந்தார்கள், அவ்வளவுதான் என்று ஊர் பேசும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வராமல் விடுவார். கொஞ்ச நாளில் பழகிவிடும். அப்படிப் பழகிப்போய்விடும் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அது நான், அப்பா."

"என்ன?"

"தாளை உரிச்சது நான். ஸ்கூல் கட்டுரைக்கு. ரீச்சருக்குக் காட்டினனான். அவர் நெட்டிலை போட்டவர். அதைப் பாத்துத்தான் ஸ்தவாங்கர்க்காரன் தேடி வாங்கியிருப்பான். லிங்கம் மாமாக்கு ஒண்டும் தெரியாது."

அப்பா திரும்பிப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் ஒருநாளும் அடித்ததில்லை என்றாலும்.

"அங்கை நிக்கேக்கை ஏன் நீ சொல்லேல்லை?"

"பயமாக் கிடந்தது."

"நான் ரெண்டாந்தரம் சொல்ல முந்தியாவது..." சாவியைத் திருப்பினார். கார் மறுபடி வந்த வழியே, லிங்கம் மாமா இருக்கும் ட்வெய்ட்டாவுக்கு இறங்கியது.

உயரமான அந்தக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் கதவைத் திறந்தவர் மாமாவின் மனைவி புஷ்பராணி மாமி. அவருடைய முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று விளங்கியது. ஆனாலும் பழக்கதோசம்.

"மழைக்குள்ளை வந்திருக்கிறியள். தேத்தண்ணி போடட்டே?"

"வேண்டாம், ராணி. லிங்கம் நிக்கிறானோ?"

லிங்கம் மாமா உள்ளே சோபாவில், ஜக்கெட்டைக் கழற்றாமல், கையில் தொலைபேசியோடு இருந்தார். எழும்பவில்லை. அப்பா சப்பாத்தைக் கழற்றாமல் வாசல் மிதியடியிலேயே நின்றார்.

"லிங்கம், நான் சொன்னது பிழை. பெரிய பிழை. சொல்லக்கூடாத சொல்லைச் சொல்லிப்போட்டன்."

லிங்கம் மாமா தொலைபேசித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னைச் செருப்பாலை அடி. ஏதாவது சொல்லு."

"வாசல்லை நிண்டு கத்தாதை. பக்கத்து வீட்டுச் சனம் நாங்கள் அடிபடுறம் எண்டு பொலிசைக் கூப்பிடும்." லிங்கம் மாமா அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "உள்ளை வா."

அப்பா வந்தார். இருக்கவில்லை. றொஷானி முன்னால் வந்தாள். காரில் ஒரு தரம் சொன்னதால் இரண்டாம் தரம் வழி தெரிந்தது.

"மாமா, அது நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"தெரியும் பிள்ளை."

"எப்பிடி?"

"அவன் அங்கை பேரைச் சொன்னவன் தானே. வந்து அந்தப் பேரை அடிச்சுத் தேடினன். முதலாவதா வந்தது உங்கடை வாத்தியார் போட்ட படம். தட்டிலை நீலப் பேனையாலை ஒரு கீறு கிடக்கு. சந்தையிலை வாங்கேக்கையே இருந்தது. உலகத்திலை எங்கடை தட்டிலை மட்டும்தான் இருக்கும்." பெருமூச்சு விட்டார். "கீழை ஒரு மாணவி தந்தது எண்டு போட்டிருக்கு. எங்கடை தட்டின்ரை படம் பள்ளிக்கூடம் போகவேணுமெண்டா உன்ரை போனிலைதானே போகும்."

அவருடைய குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மாமி வேண்டாமென்றதையும் கேட்காமல் தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒருவரும் எடுக்கவில்லை.

"பேர் வெளியிலை வந்தது எனக்குச் சந்தோசம்" என்றார் மாமா. "அதை நான் மறைக்கேல்லை. அந்த மனுசியின்ரை பேத்தி ஒருத்தி அதுக்குக் கீழை எழுதியிருக்கிறாள், பார். அம்மம்மான்ரை குரலைத் தான் இதுவரைக்கும் கேட்டதே இல்லையாம்."

அப்பா முதல் தடவையாக ஒரு அடி கிட்ட வந்தார். "உண்மையே?"

"ஓம். எங்களட்டை இருந்தது எண்டு தெரிஞ்சா எங்களுக்கும் எழுதியிருப்பாள்." லிங்கம் மாமா திரையை விரலால் தள்ளினார். தள்ளிய விரல் நின்றது. அவர் நிமிர்ந்து றொஷானியைப் பார்த்தார், பிறகு அப்பாவை, பிறகு மறுபடி திரையை. படிக்கவா விடவா என்று யோசிக்கிறவர் போலிருந்தது. றொஷானிக்குத் தெரியும் அங்கே என்ன இருக்கிறதென்று. தொலைபேசியைப் பறித்துவிடலாமா என்று ஒரு கணம் கை நீண்டது.

"வாசி" என்றார் அப்பா.

"விடு, மச்சான்."

"வாசி லிங்கம்."

மாமா நோர்வேஜிய மொழியில் இருந்ததை மெதுவாகத் தமிழில் சொன்னார். "இந்த அருமையான தட்டு, என்ரை மாணவி ஒருத்தியின்ரை புளொக்கிலை மேல்மாடியிலை இருக்கிற வயசான நோர்வேக்காரச் சேகரிப்பாளர் ஒருவருக்குச் சொந்தமானது. நாப்பது வருசமா அமைதியாய்ச் சேத்து வந்த அந்த மனிசனுக்கு எங்கள் எல்லாற்றையும் நன்றி."

மாமி கையிலிருந்த சீனிப் போத்தலை மெதுவாக வைத்தார்.

அவள் அதைச் சொன்ன நாள் றொஷானிக்கு முன்னால் வந்து நின்றது. அதற்கு முந்திய மாரிகாலத்தில், அந்த மண்டபத்தில் அப்பா ஆடுவதை யாரோ படம்பிடித்துப் போட, அது வகுப்பு முழுக்கச் சுற்றியது. அகலக் காற்சட்டை, சறுக்குவதற்காகத் தரையில் தூவிய பவுடர், அதில் சுழன்று, பின்பக்கம் விழுந்து, கையை ஊன்றி எழும்பும் ஐம்பத்தேழு வயது ஆள். இது நம்முடைய பஸ் ஓட்டுகிற ஆள் அல்லவா என்று பக்கத்து மேசை எமிலியா சிரித்தாள். றொஷானியும் சிரித்தாள். யாரென்று தெரியாது என்றாள். பிறகு எஸ்பென் அந்தத் தட்டு யாருடையது என்று வகுப்புக்கு முன்னால் கேட்டபோது, எமிலியா திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்யை யோசிக்கத் தேவையே இருக்கவில்லை, வாயில் அது ஏற்கெனவே தயாராக இருந்தது. அந்தக் கிழவருக்கு ஒரு பூனை இருப்பதாகவும் சேர்த்துச் சொன்னாள்.

அப்பா சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார். அவருக்குப் பக்கத்தில் நகர்ந்து இடம் விட்டார் லிங்கம் மாமா. ஒரு மணித்தியாலத்துக்கு முன் அந்தச் சொல்லைக் கேட்டவர், இப்போது அதைச் சொன்னவரின் முழங்காலில் கையை வைத்தார். அந்தக் கையைப் பார்க்க றொஷானியால் முடியவில்லை. தரையைப் பார்த்தாள். அப்பா சப்பாத்தோடு நடந்து வந்த ஈரத் தடங்கள் வாசலிலிருந்து வரிசையாகக் கிடந்தன.

"றொஷானி" என்று அப்பா கூப்பிட்டார். கோபமில்லாமல், உண்மையாகவே தெரியாத ஒன்றைக் கேட்கிறவர் போல.

"எங்கடை வீட்டிலை ஆர் பிள்ளை அந்த நோர்வேக்காரன்?"